தங்கபாயின் சத்தம்

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கிடைத்தும் ஒழுங்காக உட்கார முடியவில்லை. பையை மடியில் வைத்தேன். காலடியில் வைத்தேன். மறுபடியும் மடிக்கு எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் இதற்கு வெப்ராளம் என்று பெயர். மனசு ஒரு இடத்தில் நிற்காது. அது நிற்காவிட்டால் கையும் நிற்காது.

முன் சீட்டில் ஒரு பிள்ளை போனில் பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் மாட்டுகிற சாமான் இல்லை. பஸ் முழுக்கக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்கள். எவ்வளவு நன்றாகப் பாடுகிறார்கள் என்கிறீர்கள். ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, ஒரு இடம் பிசகவில்லை. நடுவராக இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு அம்மாள் அழுதாள். தக்கலை வரை கேட்டுக்கொண்டே வந்தேன். தக்கலையில் அந்தப் பிள்ளை இறங்கிப் போனாள். என்ன பாட்டு கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு போயிருந்தது.

குறை சொல்லவில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு அண்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, காற்றாடி என்று நினைப்பார்கள். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் உரித்து, பருப்பை டப்பாவில் அடைக்கிற இடம் அது. அதற்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். நானும் ஆபீஸுக்குப் போனவள்தான் என்று மகனிடம் சொல்வேன். சிரிப்பான்.

வெப்ராளத்துக்குக் காரணம் தங்கபாய். என்னோடு அந்த ஆபீஸில் இருந்தவள். இப்போதும் பக்கத்துத் தெருவில்தான் வீடு. அவளுக்குத் தொண்டையில் முழை, கட்டி மாதிரி. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் சவுதியில் நர்ஸ். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணை. டாக்டர் நல்ல மனுஷன். படம் வரைந்து காட்டினார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் சத்தம் மாறிப்போகலாம், இல்லாமலே போகலாம் என்றார்.

வெளியே வந்து சாயா குடித்தோம்.

"சத்தம் போவும்னு சொல்லுதாரு, கேட்டியா?" என்றேன்.

"போனா போட்டு. என்ன பெரிய குயிலா? காக்கா சத்தம்தானே" என்றாள். சொல்லிவிட்டு வடையைப் பிட்டு வாயில் போட்டாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். இளவயதில் ஒரு நாள் நினைத்தது, இன்னும் மாறவில்லை. அன்றையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறியில் உப்பு மறந்தது. விளக்கை அணைக்க மறந்தது. அந்தத் தொண்டையைக் கத்தி தொடுவதற்கு முன்னால் அவள் தன் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். அவளைப் பாடவைத்துப் பிடித்த ஒரே ஒரு கேசட் உண்டு. அது நாகர்கோவிலில் என் அண்ணன் வீட்டில் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அதற்காகத்தான் அந்த பஸ்.

வில்லுக்குறி தாண்டும்போது புகை மணம் வந்தது. யாரோ அடுப்புக்கு அண்டி ஓடு போட்டு எரித்திருக்க வேண்டும். அந்த மணம் ஒரு தடவை தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்கெல்லாம் போகாது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் எந்த ஆபீஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்.

உரிக்கிற அறை நீளமாக இருக்கும். தரையில் வரிசையாக உட்காருவோம். முன்னால் பருப்புக் குவியல், கையில் சின்னக் கத்தி. முதலாளி கொல்லத்துக்காரர், எப்போதாவது வருவார். எல்லாம் குட்டன் மேஸ்திரி ராஜ்ஜியம். அவருக்கு ஒரே ஒரு பயம். பெண்பிள்ளைகள் பருப்பைத் தின்றுவிடுவார்கள். ஒரு முழுப் பருப்பு எங்கள் வாய்க்குள் போனால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பேசக் கூடாது. பேசினால் கை நிற்கும். ஆனால் பாட வேண்டும். பாடாவிட்டால் வாய் சும்மா இருக்காது என்பது அவர் கணக்கு. காலையில் மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரை அறை முழுக்கப் பாட்டு. யாருடைய உதடாவது நின்றால் உடனே சத்தம் வரும்.

"ஏட்டி, சுவரோரம். வாயத் திற."

திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கியும் காட்ட வேண்டும்.

சினிமாப் பாட்டு பாடுவோம். கோயில் கீர்த்தனை பாடுவோம். அய்யாவழிக்காரப் பிள்ளைகள் தங்கள் கோயிலான பதியில் படிப்பதை இங்கே பாடுவார்கள், நாங்களும் சேர்ந்துகொள்வோம். சித்திரை வெயிலில் கிறிஸ்துமஸ் பஜனைப் பாட்டு ஓடும். உலகத்தில் நாள் முழுக்கப் பாடிக் கூலி வாங்கிய பாட்டுக்காரிகள் நாங்களாகத்தான் இருக்கும். என் பாட்டைக் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு மேஸ்திரி ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றார். "நீ வேணும்னா ரெண்டு பருப்பு தின்னுக்கோட்டி" என்றார்.

தங்கபாய் சுவரோரத்தில் இருந்தாள். ஒல்லி. வாய் பெரிது. அவள் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் தாங்களாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்ல வேண்டாம்.

ஆபீஸுக்கு எதிரே சாயாக்கடை. அங்கே பலகையில் ஒரு ரேடியோ. எங்களுக்குப் பாட்டு வந்தது அங்கிருந்துதான். அதில் ஒரு பாடகி உண்டு. பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். வேண்டாம். கதாநாயகிக்குப் பாடுகிற பெரிய குரல் வேறு ஒன்று இருந்தது. இவளுக்குக் கிடைத்ததெல்லாம் கதாநாயகியின் தோழி பாடுகிற பாட்டு. படம் பாதியில் செத்துப்போகிற தங்கச்சி பாடுகிற பாட்டு. தொட்டிலாட்டிவிட்டு எங்கோ நடந்து போகிறவளின் பாட்டு. ரேடியோவில் பெயர் வாசிக்கும்போது கடைசியில் வாசிப்பார்கள். பாதி நேரம் வாசிக்கவும் மாட்டார்கள். பெரிய குரல் பாடும்போது சாயாக்கடையில் பேச்சு நடக்கும், அரசியல் நடக்கும். இவள் பாடும்போது ஒருவன் ஆற்றுகிற கையை நிறுத்துவான். ஏன் என்று அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது.

தங்கபாய் அந்தப் பாட்டுகளாகப் பொறுக்கிப் பாடுவாள். தோழி, தங்கச்சி, தொட்டில். சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. கருப்பட்டிக் காப்பி குடித்தால் கடைசி மடக்கில் ஒரு மண்டி வரும். துப்பவும் மனசு வராது. அது மாதிரி சத்தத்தின் அடியில் ஏதோ ஒன்று கிடக்கும். உச்சிக்குப் போகிற இடத்தில் அவள் முழுசாகப் போக மாட்டாள். ஒரு விரற்கடை கீழே நிற்பாள். கேட்கிறவள் மனசு எட்டி அந்த விரற்கடையைத் தொடும். அவள் மூச்சு இழுப்பதும் கேட்கும். ரேடியோவில் அதெல்லாம் கேட்காது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மை ஒருத்தி உண்டு. அவள் சத்தமே பெரிய சத்தம். சாளை என்று அவள் கூப்பிட்டால் தெருவில் உள்ள பூனையெல்லாம் வாசலுக்கு வரும். அந்த அம்மை ஆபீஸ் மதில் ஓரம் கூடையை இறக்கி வைப்பாள். இளைப்பாற என்று நினைத்தோம். ஒரு நாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள். "ஆரு மக்களே அது பாடுகது? ஒரு முகத்தக் காட்டு." தங்கபாய் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள்.

மேஸ்திரியும் வாசலில் வந்து நிற்பார். கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவள் பாடுகிற நேரத்தில்தான் நாங்கள் பருப்பு தின்றோம்.

அண்ணன் அப்போது கல்ஃபில் இருந்தான். முதல் லீவுக்கு வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து மயினியிடம் கொடுத்துவிட்டுப் போனான். மயினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கு எழுத்து வராது. எனக்கு வரும் எழுத்தை அண்ணனால் வாசிக்க முடியாது. அதனால் பேசி அனுப்புவோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஒரு கேசட்டில் பேசி, லீவு முடிந்து போகிறவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அங்கே இருக்கிற வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, பதில் பேசி, லீவுக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வீடு கடலுக்கு மேலே சத்தம் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கேசட் பேச உட்கார்ந்தோம். நான் தங்கபாயையும் கூட்டிப் போயிருந்தேன். மயினி மாடு கன்று போட்டதைச் சொன்னாள். மதில் இடிந்ததைச் சொன்னாள். நான் சுகமா என்று கேட்டேன், பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மயினி தங்கபாய் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒரு பாட்டுப் பாடு பிள்ளே. அவரு அங்க மணலப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு."

பாடினாள். தங்கச்சி சாகப் போகிற படத்துப் பாட்டு. ஆபீஸில் கத்திச் சத்தம், முறத்துச் சத்தம், இருமல் எல்லாம் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. வெறும் சத்தம் மட்டும். மயினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் தங்கபாய், "போருமா அக்கா?" என்று கேட்டாள். மயினி பட்டனை அமுக்கி நிறுத்தினாள்.

பதிந்ததா என்று பார்க்கப் போட்டுக் கேட்டோம். முதலில் மயினி. "அய்யே, எனக்க சத்தம் தவளை கணக்கா இருக்கு" என்று சிரித்தாள். பிறகு நான். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பாட்டு வந்தது. தங்கபாய் குனிந்து பெட்டியைப் பார்த்தாள்.

"இது ஆருட்டி?"

"நீதான்."

"நான் இப்பிடியா பாடுவேன்?"

"இப்பிடித்தான்."

"கரகரன்னு இருக்கு. காக்கா கணக்கா." முகம் சுருங்கிவிட்டது. "இதையா இத்தன நாளும் பாடிக்கிட்டு இருந்தேன்? அழிச்சிருங்க அக்கா."

மயினி சாயா போட்டு எடுத்து வருவதற்குள் எழுந்து போய்விட்டாள். நாங்கள் அழிக்கவில்லை, அப்படியே அண்ணனுக்கு அனுப்பினோம்.

எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அவள் தலைக்குள்ளே கேட்டது வேறு சத்தம். ரேடியோவில் பாடியவளின் சத்தம் தனக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்திருக்கிறாள். வெளியே எப்படிக் கேட்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. உள்ளே கேட்டதை நாங்கள் கேட்டதில்லை. நாங்கள் கேட்டதை அவள் கேட்டதில்லை. பெட்டி வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டது.

மறுநாள் உரிக்கிற அறையில் சுவரோரம் பாட்டு இல்லை.

"தங்கபாய், வாயத் திற" என்றார் மேஸ்திரி.

திறந்தாள். ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் திறந்தாள். அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பருப்பு இல்லியே. அப்போ பாடேன்."

"பாட மாட்டேன்."

"பாடாத வாய நான் நம்ப மாட்டேன். தல்லுத எடத்துக்குப் போ."

தல்லுவது என்றால் வறுத்த கொட்டையைக் கட்டையால் அடித்து உடைப்பது. ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் வரும். பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். பூசினாலும் கறுக்கும். அங்கே யாரும் பாட மாட்டார்கள். அடிக்கிற சத்தத்தில் பாடினாலும் கேட்காது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளில் மேஸ்திரி என்னிடம் சொல்லி அனுப்பினார். பாட வேண்டாம், சும்மா வந்து உட்காரட்டும், உரிக்கட்டும். அவள் வரவில்லை. கல்யாணத்தன்று விரல்கள் கறுப்பாகவே இருந்தன. சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்களுக்கு அச்சு அசல் வேண்டும். அவள் பாட்டை நிறுத்திய பிறகு ஒரு வருஷம் பூதப்பாண்டி தேருக்குப் பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். அங்கே கல்யாணமாகிப் போன சித்தி மகள் வீட்டுக்கு நானும் தங்கபாயும் போயிருந்தோம். மேடையில் ஒரு ஒல்லி மனுஷன் அவனுடைய சொந்தச் சத்தத்தில் ஒரு பாட்டு எடுத்தான். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஏலே, ரேடியோல உள்ள மாதிரி பாடுலே. இல்லன்னா எறங்கு." மேடையில் நின்றவன் மூக்கால் இழுத்துப் பெரிய பாடகர் மாதிரி பாடிக் காட்டினான். கை தட்டல் தாங்க முடியவில்லை. தங்கபாய் என்னை இடித்தாள். "பாத்தியா?" என்றாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே அண்ணனின் பதில் வந்திருந்தது. மயினியும் நானும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கேட்டோம். அண்ணன் சொன்னான். அந்தப் பாட்டு பாடின பிள்ளை ஆரு? இங்க ரூமுல உள்ளவனெல்லாம் சாப்பாட்டை வச்சுட்டுக் கேட்டான். ஒரு வடநாட்டுக்காரனுக்குப் பாஷையே தெரியாது, அவன் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லுதான். இன்னும் ரெண்டு பாட்டு பாடி அனுப்பச் சொல்லு.

நான் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"சும்ம கெடட்டி. கேலி பண்ணுதாவ" என்றாள்.

"சத்தியமாட்டு. வா, வந்து கேளு."

"அந்தப் பெட்டி இருக்க எடத்துக்கு நான் வர மாட்டேன்."

வரவில்லை. பாடவும் இல்லை. கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பாள். மகள் பிறந்தாள். தொட்டிலில் போட்டுத் தட்டித் தட்டியே தூங்க வைத்தாள். அந்தப் பிள்ளைக்குத் தன் அம்மை பாடுவாள் என்றே தெரியாது. ஒரு நாள் நான் சொன்னேன். "போங்க சித்தி" என்று சிரித்தாள்.

நாகர்கோவிலில் இறங்கி அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். ஆட்டோவுக்குக் காத்து நிற்கிற பொறுமை இல்லை. அண்ணனுக்கு இப்போது காது கேட்காது. வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னட்டி திடீர்னு?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டான். கையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

"கேசட்டா? அதெல்லாம் ஆக்கர்காரனுக்குப் போட்டாச்சு பிள்ளே" என்றாள் மயினி. பழைய இரும்பு எடுக்கிறவனை அப்படித்தான் சொல்வோம்.

பையைக் கீழே வைத்தேன்.

மயினி என் முகத்தைப் பார்த்தாள். "நீ கேக்கது பாட்டுக் கேசட்டா, பேச்சுக் கேசட்டா?"

"பேச்சு."

"அதப் போடல்ல."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பால்மாவு டின்னை இழுத்தாள். உள்ளே கேசட்டுகள். பழைய சேலைத் துணியில் பொதிந்து வைத்திருந்தாள். அந்த டேப் ரிக்கார்டரும் உண்டு. அண்ணன் தூங்குகிற நேரத்தில் எப்போதாவது போட்டுக் கேட்பாளாம்.

"அப்போ எப்பிடிப் பேசுவாரு. சுகமா இருக்கியா, நேரத்துக்குச் சாப்பிடுதியான்னு கேப்பாரு. இப்போ, சோறு எங்கன்னு கொரைக்காரு" என்றாள்.

அண்ணன் வாசலிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். தன்னைப் பற்றி நல்லதாகப் பேசுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாவற்றிலும் அண்ணன். கப்பல் வந்தது, சம்பளம் தாமதம், தலைமுடி கொட்டுகிறது. தங்கபாய் இல்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கடைசி பஸ் நினைப்பு. மயினிக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு கேசட்டையும் முழுசாகக் கேட்டுத் தலையை ஆட்டினாள்.

கடைசியில் அந்தக் கேசட் வந்தது. அந்தப் பாட்டு பாடின பிள்ளை ஆரு? எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அனுப்பிய அதே கேசட். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக, என் அண்ணன் அந்தப் பாட்டின் மேலேயே பேசியிருக்கிறான். தங்கபாய் பாடிய இடத்தில்தான் இப்போது அவன் அவளைப் புகழ்ந்துகொண்டிருக்கிறான்.

"அழிச்சுப்போட்டானே" என்றேன்.

"பொறவு எதுல பேச? அங்க கேசட்டு மரத்துல காச்சுக் கெடக்கா?" என்றாள் மயினி.

"சரி, வைக்கேன்" என்றான் அண்ணன் பெட்டிக்குள்ளிருந்து. மயினி நிறுத்துகிற பட்டனை அமுக்கினாள். அது இறங்கவில்லை. "சவம், இது சில நேரம் பிடிச்சுக்கிடும்" என்று மறுபடி அமுக்கினாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் இரைச்சல். மழைக்கு முன்னால் தென்னை ஓலையில் காற்று அடிக்கிற மாதிரி. பிறகு ஒரு டக்.

அடுத்து அவள்.

அண்ணன் பேச்சு நாங்கள் பேசியதைவிடக் குறைவு. அவன் நிறுத்திய இடத்துக்குப் பிறகு எங்களுடையது மிச்சம் இருந்திருக்கிறது. பாட்டின் கடைசி அடிகள். உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிற அந்த இடம். மூச்சு. பிறகு, "போருமா அக்கா?" அதோடு முடிந்தது. இத்தனை வருஷமும் "சரி, வைக்கேன்" என்றதும் மயினி நிறுத்தி, புருஷன் சத்தத்தை மறுபடி கேட்கத் திருப்பியிருக்கிறாள். அதற்கு மேல் ஓட விட்டதே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். அண்ணன் எட்டிப் பார்த்தான். "என்னட்டி, ஆரு செத்தா?" என்றான்.

பெட்டியையும் கேசட்டையும் பையில் வைத்தேன். மயினி டின்னைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"திருப்பித் தருவியா?"

"தருவேன்."

"அவருக்க சத்தமும் அதுலதான் இருக்கு, பாத்துக்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் உட்காரவே இடமில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டு பையை நெஞ்சோடு பிடித்தபடி வந்தேன்.

தங்கபாய் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பொழுது மங்கி வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பேச்சு தாண்டின இடத்தில் கேசட்டை நிறுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைப் படியில் வைத்துப் பட்டனை அமுக்கினேன்.

"என்னத்தட்டி கொண்டு வந்துருக்க?" என்றாள். பிறகு வெட்டுகிற கை மெதுவாயிற்று. பிறகு நின்றது.

"தங்கச்சி பாட்டுல்லா" என்றாள். "ஆருட்டி பாடுதா? ரேடியோல பாடினவ இல்ல இது. அவ இந்த எடத்துல இப்பிடி மூச்சு எடுக்க மாட்டா."

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "சத்தத்துல என்னமோ கெடக்கு, இல்லியா? பாவம். இவளையெல்லாம் எவன் கூப்பிட்டுப் பாடச் சொல்லப் போறான்?"

அப்போது பெட்டி கேட்டது. "போருமா அக்கா?"

தங்கபாய் கத்தியைக் கீழே வைத்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பெல்லாம் எப்போதோ போயிருந்தது.

"இன்னொருக்க வை" என்றாள்.

வைத்தேன். முடிந்ததும் கேட்டாள்.

"குட்டன் மேஸ்திரி இருக்காரா?"

"செத்து நாளாச்சே."

"ம்."

"ஒண்ணு பாடேன். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி, மேஸ்திரிக்குக் காட்டுவது மாதிரி வாயை அகலமாகத் திறந்தாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் கிழங்கை எடுத்து மீதியை வெட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முழை கெட்ட முழை இல்லை என்றார்கள். சத்தம் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது. போகப் போகக் கொஞ்சம் வரலாம் என்றார் டாக்டர். வந்தாலும் அது வேறு சத்தமாக இருக்கும்.

அண்டி ஆபீஸ் இப்போது கல்யாண மண்டபம். உரிக்கிற அறை இருந்த இடத்தில் சாப்பாட்டுப் பந்தி. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் அங்கேதான் சாப்பிட்டேன். பாயசத்தில் முழுசு முழுசாகப் பருப்பு மிதந்தது. யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. சாயாக்கடை இருந்த இடத்தில் போன் கடை. ரேடியோவில் பெயர் வாசிக்காமல் விட்ட அந்தப் பாடகியும் இப்போது இல்லை என்று யாரோ சொன்னார்கள். எப்போது செத்தாள் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை. மதிலுக்கு மேலே தலையை நீட்டிய மீன்கார அம்மை போய்விட்டாள். மதிலும் போய்விட்டது. மீன் இப்போது வண்டியில் வருகிறது. அதில் பிடித்து வைத்த ஒரு ஆண்குரல் ஒரே மாதிரி கத்திக்கொண்டு போகிறது. பூனைகள் ஏமாறுவதில்லை.

மயினி நேற்றும் போன் போட்டாள். கேசட் எங்கே, அவர் சத்தம் எங்கே என்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு பாட்டை மட்டும் போனில் பிடித்து சவுதிக்கு அனுப்பியாயிற்று. மகள் கேட்டுவிட்டாள். இனி கேசட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். அதை வாங்கி வந்து கொடுக்கத்தான் தினமும் தங்கபாய் வீட்டுக்குப் பையை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இன்றைக்கும் போனேன். கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பெட்டியைக் காட்டினாள். காற்றுச் சத்தத்தில் சொன்னாள். "அந்தப் பாட்டுக்காரிய வை."

வைத்தேன். பெட்டிக்குள் ரப்பர் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் சத்தம் கொஞ்சம் இழுக்கிறது. பாட்டு முடிந்தது.

"போருமா அக்கா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.

தங்கபாய் இல்லை என்று தலையை ஆட்டினாள்.